எங்க மசாலா மில்லும் மும்முனை கரண்ட்டும்



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது எனக்கு இது ரெண்டாவது தடவை. போன மாசக் கூட்டத்தில் தலைவி அக்கா, "உங்க குழு மசாலா மில் வச்சப்போ கரண்ட்டால பட்ட பாட்டைச் சொல்லு, மத்த குழுவுக்கு உதவும்" என்றார்கள். வீட்டில் போய்ச் சொன்னதும் எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். "பியூஸ் போனா என்னைக் கூப்பிடுற நீ கரண்ட்டைப் பத்திப் பேசப் போறியா?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை மறைக்காமல் சொல்லலாம் என்றுதான் வந்திருக்கேன்.

எங்க குழுவில் பன்னிரண்டு பேர். மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, மஞ்சள்தூள் செய்து விற்கிறோம். முதலில் மிளகாயைக் காய வைத்து மூட்டை கட்டி, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டவுன் மில்லுக்குக் கொண்டு போய் அரைச்சிட்டு வருவோம். பஸ்ஸில் மிளகாய் மூட்டையை ஏற்ற மாட்டாங்க. ஆட்டோ வாடகைக்கும் அரைவைக் கூலிக்கும் லாபம் போயிடும். அதனால் நாமே ஒரு மெஷின் வாங்கிடலாம் என்று தீர்மானம் போட்டு, வங்கியில் ஒன்றரை லட்சம் கடன் வாங்கினோம். நம்ம பங்குக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். ஒரு அக்கா தன் பங்குக்குக் கம்மலை அடகு வச்சாங்க.

மெஷின் வந்த அன்னைக்கு தேங்காய் உடைச்சு, சூடம் காட்டி, எல்லாருக்கும் கேசரி கொடுத்தோம். சாயங்காலம் ஒயர்மேன் தம்பி வந்தார். மோட்டாரைச் சுற்றிப் பார்த்தார், எங்க கட்டடத்து மீட்டர் போர்டைப் பார்த்தார். "அக்கா, இது மும்முனை மோட்டார், 415 வோல்ட். உங்க சர்வீஸ் ஒருமுனை, 230 வோல்ட். இதுல இது ஓடாது" என்றார்.

எனக்குக் கை கால் ஓடலை. ஏன்னா கொட்டேஷனில் பிரதிநிதியாகக் கையெழுத்துப் போட்டது நான்தான். அப்புறம் எடுத்துப் பார்த்தால் அதிலேயே "5 ஹெச்.பி., 3 பேஸ்" என்று அச்சடிச்சிருக்கு. விலையைப் பார்த்தேன், வரியைப் பார்த்தேன், டெலிவரி தேதியைப் பார்த்தேன். அந்த ஒரு வரியை மட்டும் படிக்கலை. படிச்சிருந்தாலும் அர்த்தம் தெரிஞ்சிருக்காது. தெரியாததைக் கேட்கவும் இல்லை.

மெஷின் பதினோரு வாரம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. தவணை மட்டும் மாசம் தவறாமல் வந்தது. கம்மல் அடகு வச்ச அக்கா என்னிடம் பேசுறதையே நிறுத்திட்டாங்க. அந்த பதினோரு வாரத்தில் ஒயர்மேன் தம்பியிடமும், மின்வாரிய ஆபீசிலும், பக்கத்து ஊர் மில்காரரிடமும் கேட்டுக் கேட்டு நான் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இப்போ சொல்றேன்.

முதலில் வோல்ட் என்றால் என்ன? நம்ம ஊர் தண்ணி டேங்க்கை நினைச்சுக்கோங்க. டேங்க் உயரமாக இருந்தால் குழாயில் தண்ணி வேகமாக அடிக்கும். அந்த அழுத்தம் மாதிரிதான் வோல்ட். குழாய் வழியா எவ்வளவு தண்ணி ஓடுது என்கிறது மாதிரி ஆம்பியர். ரெண்டும் சேர்ந்து எவ்வளவு வேலை நடக்குது என்கிறது வாட். ஆயிரம் வாட் சாமானை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட். ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட்.

அடுத்து, நம்ம வீட்டுக்குக் கரண்ட் வர்ற வழி. ஊருக்கு வெளியே இருந்து வர்ற பெரிய லைனில் 11,000 வோல்ட் வருது. அழுத்தம் கூடுதலாக இருந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் குறைவாகப் போதும், வழியில் வீணாகிறதும் குறையும். அதனால்தான் தூரத்துக்கு அப்படி அனுப்புறாங்க. தெருமுனை டிரான்ஸ்பார்மர் அதை இறக்கிக் கொடுக்குது. அங்கிருந்து தெருக் கம்பத்தில் வர்ற முக்கியமான கம்பி நாலு. மூணு கம்பி பேஸ், ஒண்ணு நியூட்ரல். தெருவிளக்குக்குத் தனிக் கம்பியும் சில இடத்தில் போகும்.

அந்த மூணு பேஸில் ஏதாவது ஒண்ணையும் நியூட்ரலையும் எடுத்து வீட்டுக்குக் கொடுத்தால் அதுதான் ஒருமுனை சர்வீஸ். அதில் 230 வோல்ட். 240 என்றும் எழுதுவாங்க, பயப்பட வேண்டாம், ரெண்டும் ஒரே சப்ளையைத்தான் சொல்லுது. லைட், ஃபேன், மிக்சி, கிரைண்டர், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் இதுக்குச் செய்தது. மூணு பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கொடுத்தால் மும்முனை சர்வீஸ். அதில் ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவில் 400 வோல்ட். பழைய கணக்கில் 415 என்று மோட்டார் பிளேட்டில் இருக்கும்.

நான் ஒயர்மேன் தம்பியிடம் கேட்டேன், "தம்பி, மூணு 230 சேர்ந்தா 690 தானே வரணும்? 400 எப்படி?" என்று. அவர் சொன்னார், "அக்கா, மூணு பொம்பளைங்க ஒரே உரலில் மாத்தி மாத்தி உலக்கை போடுறதைப் பார்த்திருக்கீங்களா? மூணு உலக்கையும் ஒரே நேரத்தில் விழாது. ஒண்ணு கீழே இருக்கும்போது ஒண்ணு மேலே இருக்கும், ஒண்ணு நடுவில் இருக்கும். மூணு பேஸும் அப்படித்தான் முறை வச்சு வருது, ஒரு செகண்டுக்கு 50 தடவை. அதனால் மூணையும் கூட்டக் கூடாது. 230-ஐ 1.73-ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 400 வரும்." வீட்டுக்கு வந்து என் பொண்ணோட கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 397.9 வந்தது. அன்னைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது, இதுவும் நமக்குப் புரியுற விஷயம்தான் என்று.

பெரிய மோட்டாருக்கு ஏன் மும்முனை வேணும் என்கிறதுக்கும் உலக்கைதான் பதில். ஒருத்தி தனியாக் குத்தினால் உலக்கையைத் தூக்குற நேரம் உரல் சும்மா இருக்கும், அவளும் சீக்கிரம் களைச்சிடுவா. மூணு பேர் குத்தினால் இடைவெளி இல்லாமல் வேலை நடக்கும், சுமையும் பங்காகும். எங்க 5 ஹெச்.பி. மோட்டார் மும்முனையில் ஒரு கம்பிக்கு ஏழரை ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்குது. அதே 5 ஹெச்.பி. மோட்டாரை ஒருமுனையில் ஓட்டினால் ஒரே கம்பியில் சுமார் 25 ஆம்பியர் போகணும். நம்ம வீட்டு சர்வீஸ் ஒயர் அதைத் தாங்காது, சூடாகி உருகிடும். சின்ன மெஷினுக்கு ஒருமுனை மோட்டாரே கிடைக்குது. ஒரு ஹெச்.பி., ரெண்டு ஹெச்.பி. மாவு மெஷின், தையல் மெஷின் இதெல்லாம் 230-லேயே ஓடும். உங்க தொழிலுக்கு எது போதும் என்று முதலிலேயே பார்த்துக்கணும்.

ஆபீசில் விசாரிச்சப்போ சொன்னாங்க, ஒருமுனை சர்வீஸ் 4 கிலோவாட் சுமை வரைக்கும்தான், அதுக்கு மேலே போனால் மும்முனை கேட்கணும் என்று. கடை, ஹோட்டல், அரைவை மில், ஏசி போட்ட பெரிய வீடு எல்லாம் அப்படித்தான் மும்முனை வாங்குறாங்க. அந்த இடத்திலும் லைட், ஃபேனுக்குப் போறது அதே 230 தான், ஒவ்வொரு பேஸுக்கும் சுமையைப் பிரிச்சுக் கொடுப்பாங்க. மோட்டார் மட்டும்தான் மூணையும் எடுத்துக்கும். சுமை ரொம்ப அதிகமா இருக்கிற பெரிய ஆலை, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் 11,000 வோல்ட்டையே நேரா வாங்கி, சொந்த டிரான்ஸ்பார்மர் வச்சு இறக்கிக்கிறாங்க. "உயர் அழுத்தம்" என்று போர்டில் மண்டை ஓடு போட்டு எழுதியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க.

இப்போ ஒரு உண்மையைச் சொல்லணும். மெஷின் சும்மா கிடந்தப்போ ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார். "உங்க கட்டடத்துக்குப் பின்னாடியே மாமாவோட கிணத்து மோட்டார் இருக்கு. அது மும்முனை, விவசாயத்துக்கு இலவசம். ராத்திரியில ஒரு ஒயர் இழுத்து அரைச்சுக்கோங்க, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். மாமாவும் சரி என்றார். எங்க குழுவில் ஏழு பேர் அதுக்குத் தலையாட்டினாங்க. நானும் மனசுக்குள்ளே ஆட்டினேன், பொய் சொல்லக் கூடாது. தவணை தேதி வந்தால் யாருக்கும் நியாயம் பேச வராது.

தடுத்தது யார் தெரியுமா? கம்மல் அடகு வச்ச அக்காதான். "என் கம்மல் போனா போகட்டும். மாமா சர்வீஸ் கட்டானா அவர் வயல் காயும். அதுக்கு நம்மளால பதில் சொல்ல முடியுமா?" என்று கேட்டாங்க. அதோட பேச்சு நின்னது. அப்புறம் ஆபீசில் ஏ.இ. சார் சொன்னார், 2003-ம் வருஷ மின்சாரச் சட்டத்தில் 126-வது பிரிவு என்று ஒண்ணு இருக்கு, ஒரு காரியத்துக்கு வாங்கின சர்வீஸை வேற காரியத்துக்குப் பயன்படுத்தினால் ரெண்டு மடங்கு கட்டணம் போடுவாங்க என்று. வீட்டு சர்வீஸில் தொழில் நடத்துறதுக்கும் இது பொருந்தும். குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கு, கடைக்கு வேற பிரிவு. நம்ம தொழில் எதில் வரும் என்று மனு கொடுக்கும்போதே கேட்டு, அட்டையில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கா என்று பார்த்து வாங்குங்க.

நாங்க முறைப்படி மனு கொடுத்தோம். கட்டட உரிமையாளர் சம்மதக் கடிதம், ஒயரிங் சான்று, டெபாசிட் பணம் எல்லாம் கட்டி, எங்க தெரு டிரான்ஸ்பார்மரில் சுமை தாங்குமா என்று பார்த்து, கடைசியில் நாலு கம்பி எங்க கட்டடத்துக்கு வந்தது. ஸ்விட்ச் போட்டோம். மோட்டார் ஓடுது, ஆனால் பின்பக்கமாச் சுத்துது! எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டோம். ஒயர்மேன் தம்பி சிரிச்சிட்டே மெயினை ஆஃப் பண்ணி, ரெண்டு பேஸ் கம்பியை இடம் மாத்திப் போட்டார். திரும்பப் போட்டதும் நேராச் சுத்துச்சு. மும்முனை மோட்டாரில் அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை நாம செய்யக் கூடாது, லைசென்ஸ் வச்சிருக்கிறவங்கதான் செய்யணும்.

இனி பாதுகாப்பு விஷயம். இதைக் கவனமாக் கேளுங்க, தூங்குற அக்காவையும் எழுப்பி விடுங்க.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் எங்க தெருவில் சில வீட்டில் லைட் பகல் மாதிரி எரிஞ்சது. சில வீட்டில் மின்மினிப்பூச்சி மாதிரி மங்கலா எரிஞ்சது. அஞ்சு நிமிஷத்தில் மூணு வீட்டு டிவி புகைஞ்சது. மரக்கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்திருக்கு. நியூட்ரல் போனால் பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் இருக்கிற அந்த 400 வோல்ட்டை வீடுகள் தங்களுக்குள்ளே கோணல்மாணலாப் பங்கு போட்டுக்கும். ஒரு வீட்டுக்கு 300-க்கு மேலே போகும், இன்னொரு வீட்டுக்கு 100-க்குக் கீழே போகும். எங்க மில்லில் பல்பு மட்டும்தான் போச்சு. மோட்டார் நியூட்ரல் இல்லாமலே ஓடுறது, அதனால் தப்பிச்சது. லைட் திடீர்னு ரொம்பப் பளிச்சுன்னோ ரொம்ப மங்கலாவோ எரிஞ்சால் டிவியை ஆஃப் பண்ண ஓடாதீங்க, நேரா மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் மின்னகம் நம்பருக்கு, 94987 94987, போன் பண்ணிச் சொல்லுங்க. கம்பி அறுந்து கீழே கிடந்தால் பக்கத்தில் யாரையும் விடாதீங்க, ஆடு மாட்டையும் விடாதீங்க.

மும்முனை மோட்டாருக்கு வேற ஒரு கண்டம் இருக்கு. மூணில் ஒரு பேஸ் போய் ரெண்டு மட்டும் வந்தால் மோட்டார் உர்ர்ருன்னு முனகும், சூடாகும், காயில் எரிஞ்சிடும். கிணத்து மோட்டார் வச்சிருக்கிற வீட்டு அக்காங்களுக்கு இது தெரியும். அதுக்கு ஸ்டார்ட்டரில் பேஸ் போனால் தானா ஆஃப் ஆகுற பிரிவென்டர் இருக்கு. செலவைப் பார்த்து அதை வேண்டாம்னு சொல்லிடாதீங்க. காயில் கட்டுற செலவு அதைவிடப் பெரிசு.

அடுத்தது எர்த். எங்க மோட்டார் பாடிக்கு ரெண்டு எர்த் தனித்தனியாப் போடச் சொன்னாங்க, போட்டோம். வீட்டிலும் மூணு முனை பிளக்கில் மேலே இருக்கிற பெரிய முனைதான் எர்த். அது துவாரத்தில் நுழையலைன்னு உடைச்சு எறியிறோம் பாருங்க, அது நம்ம உயிரைக் காக்கிற முனை. கிரைண்டரைத் தொட்டால் சுர்ருன்னு அடிக்குதுன்னா, செருப்புப் போட்டுக்கிட்டு மாவாட்டுறது தீர்வு இல்லை. எர்த் சரியில்லை, உள்ளே எங்கேயோ கசியுது என்று அர்த்தம். எர்த் குழியில் வெயில் காலத்தில் தண்ணி ஊத்துங்க.

எர்த்தோட 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணு மாட்டுங்க. கரண்ட் நம்ம உடம்பு வழியாக் கசிஞ்சால் கண் இமைக்கிற நேரத்தில் கட் பண்ணிடும். பியூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்துறது இதுதான். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்க, டக்குன்னு விழணும். சந்தா கட்டுற அன்னைக்கு அழுத்துறதுன்னு வச்சுக்கிட்டால் மறக்காது.

இன்னொண்ணு. கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வர்ற சர்வீஸ் ஒயரைத் தாங்குற இரும்புக் கம்பியிலும், கம்பத்து ஸ்டே கம்பியிலும் கொடி கட்டித் துணி காயப் போடாதீங்க. மேலே ஒயர் உரசி இருந்தால் ஈரத்துணி வழியா 230 வோல்ட் கைக்கு வந்திடும். கொடிக்கு நைலான் கயிறு கட்டுங்க.

பிளேட்டைப் படிக்கிற பழக்கம் சின்னச் சாமானுக்கும் வேணும். எங்க ஊர்ல ஒரு பெரியம்மாவுக்குப் பேரன் அமெரிக்காவில் இருந்து ஜூஸ் போடுற மிக்சி கொண்டு வந்தான். அந்த ஊர் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட். நம்ம 230-ல மாட்டினதும் ஒரே புகை. ஆனால் அவன் போன் சார்ஜர் நல்லா வேலை செஞ்சது. ஏன்னா சார்ஜரில் "100-240 வோல்ட்" என்று எழுதியிருந்தது.

முடிக்கிறதுக்கு முன்னாடி, மெஷின் கடன் வாங்கப் போற குழுக்கள் இதை மட்டும் நோட்டில் எழுதிக்கோங்க. மோட்டார் எத்தனை ஹெச்.பி.? ஒருமுனையா, மும்முனையா? நம்ம கட்டடத்து சர்வீஸ் எது, எந்தக் கட்டணப் பிரிவு? புது இணைப்பு வேணும்னா எவ்வளவு பணம், எவ்வளவு நாள்? தெரு டிரான்ஸ்பார்மர் தாங்குமா? இந்த அஞ்சுக்கும் பதில் கிடைச்ச பிறகு அட்வான்ஸ் கொடுங்க.

கூட்டமைப்புக்கும் ஒரு வேண்டுகோள். இனிமேல் மெஷினுக்குக் கடன் பரிந்துரை செய்யும்போது, இந்த அஞ்சு கேள்விக்கும் பதில் எழுதின தாளை மனுவோட சேர்த்து வாங்கணும் என்று ஒரு தீர்மானம் போடுங்க. எங்களுக்குப் போன பதினோரு வாரம் இன்னொரு குழுவுக்குப் போக வேண்டாம்.

எங்க மில் இப்போ நல்லா ஓடுது. பக்கத்து மூணு ஊரில் இருந்தும் மிளகாய், மல்லி அரைக்க வர்றாங்க. தவணை பாக்கி இல்லை. அந்த அக்கா கம்மலைத் தை மாசம் மீட்டுட்டாங்க. இன்னைக்கு அதைப் போட்டுக்கிட்டுத்தான் மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. என்னிடம் பேசுறாங்களான்னு கேட்டால், மில் சாவியே அவங்க கையிலதான் இருக்கு. தினமும் பேசித்தான் ஆகணும்.